ஆடுபவன் கையில் என்ன இருக்கிறது?

(மயிலாடுதுறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்னும் வெளிவராத சில வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பின்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் ஒவ்வொரு நாளும் பேசுகிற விஷயம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு, இதற்கு ஒரு கூட்டமா என்று தோன்றலாம். இரண்டு வரிசையும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ‘ஓப்பன் வேர்ல்டு’ விளையாட்டு என்றால், ஒரு முழு ஊரையோ நாட்டையோ கணினிக்குள் கட்டி வைத்து, ஆடுபவரை அதற்குள் இறக்கிவிடுவது. எந்தப் பக்கம் போவது, யாரிடம் பேசுவது என்பதெல்லாம் அவர் விருப்பம். முக்கியக் கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுச் சந்தைக்குள் நுழைந்து வேடிக்கை பார்த்தாலும் கேட்பாரில்லை. ‘ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.’ என்றால், அந்த உலகத்தில் நீங்கள் ஒரு பாத்திரமாக வாழ வேண்டும். சண்டை போட்டு, அனுபவம் சேர்த்து, புதிய திறன்களைக் கற்று வளர வேண்டும். நீங்கள் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதையும் மாறும். இரண்டும் சேர்ந்த விளையாட்டைச் செய்து முடிக்க நூற்றுக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதனால்தான் அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் இத்தனை நீண்ட காத்திருப்பு. அந்த இடைவெளி முழுக்க வாதம் நடக்கிறது.

நம் பிள்ளைகள் இப்போது எவற்றுக்காகக் காத்திருக்கிறார்கள்? பெரும்பாலானவர்களுக்கு ஜி.டி.ஏ. 6. கறாராகப் பார்த்தால் அது ஆர்.பி.ஜி. வகையில் சேராது, ஆனாலும் திறந்த உலகம்தான். ஐந்தாம் பாகம் வந்தது 2013 செப்டம்பரில். ஆறாம் பாகத்தின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. 2025-ல் வெளியீடு என்றார்கள். பிறகு 2026 மே 26. அதற்கும் பிறகு 2026 நவம்பர் 19. இரண்டாவதாக, ‘தி விட்சர் 4’. போலந்து நாட்டின் சி.டி. புராஜெக்ட் நிறுவனம் செய்வது. 2024 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தது. 2027-க்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. மூன்றாவது நம் நாட்டுக்காரர்களின் முயற்சி, ‘தி ஏஜ் ஆஃப் பாரத்’. நடிகர் அமிதாப் பச்சன், எழுத்தாளர் அமிஷ் திரிபாதி, யூபிசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய நூரதின் அபூத் ஆகியோர் தொடங்கிய தாரா கேமிங் 2025-ல் அறிவித்த ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. பழைய பாரதத்தைக் கற்பனைக் களமாகக் கொண்டது.

ஒரு கதைக்காக இப்படிக் காத்திருப்பது இந்த மண்ணுக்குப் பழகிய காரியம். மணல்மேடு பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர் கல்கி. அவருடைய பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. இரண்டு தலைமுறைக்கு முன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள், அடுத்த இதழில் என்ன நடக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்து வாதிட்டவர்கள். கதை முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இவருக்கு என்ன ஆயிற்று, அவர் எங்கே போனார் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கு டிரெய்லரை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்து, சுவரில் தெரியும் எழுத்தைக்கூட ஆராய்கிற பையனிடம் அதே வாசகத் துடிப்பு இருக்கிறது. நான் அவனை மதிக்கிறேன்.

ஆனால் அவன் கேட்கும் கேள்விகளில் எனக்கு ஒரு குறை உண்டு. கிராபிக்ஸ் எப்படி, மேப் எவ்வளவு பெரியது, எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதிலேயே வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது. முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்த உலகத்தில் இறங்கிய பிறகு என் கை என்னவெல்லாம் செய்ய முடியும்? வெட்டலாம், சுடலாம், ஏறலாம், குதிக்கலாம், சரி. வேறு என்ன? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வந்ததையும் வரப்போவதையும் பார்க்கலாம்.

சி.டி. புராஜெக்டிலிருந்தே தொடங்குகிறேன். அவர்களுடைய ‘விட்சர் 3’ 2015 மே மாதம் வந்தது. ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி என்ற போலந்து எழுத்தாளரின் கதைகளில் முளைத்த உலகம் அது. அந்த நாடு அதை எப்படிப் போற்றுகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2011-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா போலந்துக்குப் போனபோது, பிரதமர் டொனால்ட் டஸ்க் கொடுத்த பரிசுப் பொருள்களில் விட்சர் 2 விளையாட்டும் ஒன்று. மூன்றாம் பாகத்தின் தொடக்க ஊரில் ஒரு கிழவி நிற்பாள். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்குள் தன் வாணலி மாட்டிக்கொண்டது, எடுத்துத் தா என்பாள். அரக்கர்களைக் கொல்லக் கூலி வாங்கும் வீரனிடம் கேட்கப்படுவது ஒரு வாணலி! முக்கியக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எடுத்துக் கொடுக்காமலும் போகலாம். ஆனால் ஆடியவர்கள் பலர் அந்தக் கிழவியை மறக்கவில்லை. போர் மிதித்துவிட்டுப் போன ஊரில் ஓர் ஏழைக்கு வாணலி எத்தனை பெரிய சொத்து என்பதை, வசனம் எதுவும் பேசாமல், ஆடுபவன் கையாலேயே உணர வைக்கிறார்கள். அதுதான் இந்தக் கலையின் பலம்.

அதே நிறுவனம்தான் அடுத்துப் பெரிய சறுக்கலையும் சந்தித்தது. ‘சைபர்பங்க் 2077’ 2012-ல் அறிவிக்கப்பட்டது. எட்டு ஆண்டு காத்திருப்பு. 2020 ஏப்ரல் என்றார்கள், செப்டம்பர் என்றார்கள், நவம்பர் என்றார்கள். கடைசியில் டிசம்பர் 10 அன்று வந்தது. முன்பதிவு மட்டும் எண்பது லட்சம். வந்த பிறகு? பழைய பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஓடவே திணறியது. தெருவில் ஒரு குற்றம் செய்தால் போலீஸ் எங்கிருந்தோ ஓடி வருவதில்லை. ஆடுபவன் முதுகுக்குப் பின்னால் வெற்றுக் காற்றிலிருந்து முளைத்தார்கள். உயிருள்ள நகரம் என்று எட்டு ஆண்டாகச் சொல்லி வந்தவர்கள் கொடுத்தது இது. ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்து அந்த விளையாட்டையே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 ஜூனில்தான் மறுபடி கடைக்கு வந்தது. சி.டி. புராஜெக்டின் இணை நிறுவனர் மார்ச்சின் இவின்ஸ்கி வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர்கள் விடாமல் உழைத்ததையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பேட்ச், அதாவது திருத்தப் பதிப்பு, போலீஸ் முறையையே புதிதாக்கியது. இன்று அதை நல்ல விளையாட்டு என்றுதான் சொல்கிறார்கள். அந்த மூன்று ஆண்டுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்றால், நம்பி முதல் நாளே பணம் கட்டியவர்கள் கொடுத்தார்கள்.

பணம் என்றதும் டெல்டாக்காரர்களாகிய நமக்கு நெல்தானே நினைவுக்கு வரும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 2,500 ரூபாய். பிளேஸ்டேஷனுக்குப் புதிதாக வருகிற ஒரு பெரிய விளையாட்டின் விலை ஐயாயிரத்தை ஒட்டி இருக்கிறது. அதாவது நாற்பது கிலோ சிப்பம் ஐந்து. பிளேஸ்டேஷன் 5 கருவி 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். ஏறக்குறைய இருபது குவிண்டால் நெல், சுமாரான விளைச்சலில் ஓர் ஏக்கர் மொத்தமும். குத்தாலம் பக்கத்திலோ செம்பனார்கோயில் பக்கத்திலோ ஒரு விவசாயி வீட்டுப் பையன் முன்பதிவு செய்கிறான் என்றால், அந்த ஐந்து சிப்பத்தைப் பார்க்காத பொருளுக்கு முன்பணமாகக் கொடுக்கிறான். தம்பிகளே, டிரெய்லரை நூறு முறை பாருங்கள், வாதாடுங்கள், கனவு காணுங்கள். வெளிவந்து ஒரு வாரம் ஆகி, வாங்கியவர்கள் ஆடிப் பார்த்துச் சொல்லும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். கணினியில் இறங்கும் பொருளுக்குத் தட்டுப்பாடு என்று ஒன்று கிடையாது. முதல் நாள் வாங்கவில்லை என்றால் தீர்ந்துவிடும் என்று யாரும் பயமுறுத்த முடியாது.

இந்த இடத்தில் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ரம்மி செயலிகளில் பணத்தைத் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் நம் மாநிலத்தில் எத்தனை வந்தன! அந்த வலியிலிருந்துதான் தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. வித்தியாசத்தைச் சட்டமே பார்க்கிறது. வீட்டிலும் பார்க்க வேண்டும். நான் பேசுகிற விளையாட்டுகள் சூதாட்டம் கிடையாது. அதற்காக எல்லாம் எல்லோருக்கும் ஏற்றவை என்றும் சொல்ல மாட்டேன். ஜி.டி.ஏ. 5, விட்சர் 3, சைபர்பங்க் மூன்றும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் பிரிக்கப்பட்டவை. ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் இருந்தால் வாங்கி வைக்க வேண்டியதுதான். சத்தம் போட்டு வாங்கி வைக்க வேண்டாம்; பக்கத்தில் உட்கார்ந்து, இதில் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டு வாங்கி வையுங்கள்.

சரி, வாதத்துக்குத் திரும்புகிறேன். விட்சர் 4 டிரெய்லர் வந்ததும் கிளம்பிய பெரிய சண்டை எதைப் பற்றி? கெரால்ட் என்ற ஆண் வீரனுக்குப் பதிலாக, அவன் வளர்த்த சிரி என்ற பெண் இப்போது கதாநாயகி. அதைப் பிடிக்காதவர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். நம் ஊர்ப் பையன்களிலும் சிலர் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்கிறேன். பெண்ணை முன்னிறுத்தினால் கதையின் வீரம் குறைந்துவிடும் என்கிற இந்த எண்ணம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சீத்தலைச் சாத்தனார் ஒரு பெண்ணின் பெயரையே வைத்து, அவள் பயணத்தையே கதையாக்கி, இங்கிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய பூம்புகாரில் அதை நடத்திக் காட்டினாரே! மணிமேகலைக்கு மறுபடி வருகிறேன்.

அடுத்த சர்ச்சை கோயில்கள் சம்பந்தமானது, நமக்கு மிக நெருக்கமானது. ‘அசாஸின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் நடக்கும் திறந்த உலக ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. 2024 நவம்பரில் வரவேண்டியது இரண்டு முறை தள்ளிப்போய் 2025 மார்ச் 20 அன்று வந்தது. அந்த விளையாட்டில் ஆடுபவர் ஷிண்டோ கோயிலுக்குள் புகுந்து பொருள்களை உடைக்க முடிந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஜப்பான் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்து, பிரதமர் இஷிபா பதில் சொன்னார். அதைச் செய்த நிறுவனம் வெளியீட்டு நாள் பேட்சிலேயே சில பொருள்களை உடைக்க முடியாதபடி மாற்றியது.

தடை கேட்பவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அந்த ஜப்பானியர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நாளைக்கே ஒரு ஸ்டுடியோ சோழநாட்டை விளையாட்டாகச் செய்தால், மாயூரநாதர் கோயில் கோபுரத்தில் ஏறுவதற்குப் படியாகப் பொம்மைகளைப் பயன்படுத்தலாம் என்று வைப்பார்களா? துலாக்கட்டத்தில் ஆற்றின் நடுவில் நிற்கும் நந்தி மண்டபம் வில்வீரன் ஒளிந்துகொள்ளும் இடம் ஆகிவிடுமா? அப்படி ஆவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. வெட்டுவதும் ஏறுவதும் மட்டுமே ஆடுபவனுக்குத் தெரிந்த வேலைகள் என்றால், எந்த இடமும் அவனுக்கு வெட்டுகிற இடம், ஏறுகிற இடம், அவ்வளவுதான். ஐப்பசி முழுக்க அங்கே முழுக்குப் போடுகிறவர்கள், மாதக் கடைசி நாளான கடைமுகத்துக்கு வரும் கூட்டம், மறுநாள் முடவன் முழுக்குக்கு வருகிறவர்கள், இவர்கள் செய்கிற ஒன்றையும் அவனால் செய்ய முடியாது.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. 2020 ஜூலையில் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ வந்தது. சுஷிமா என்ற சிறு தீவில் பதின்மூன்றாம் நூற்றாண்டு மங்கோலியப் படையெடுப்பைப் பற்றிய கதை. செய்தவர்கள் அமெரிக்கர்கள். அதே ஆண்டு புயலில் அந்தத் தீவில் ஒரு கோயிலின் தோரண வாயில் விழுந்துவிட்டது. திரும்பக் கட்ட ஐம்பது லட்சம் யென் வேண்டும் என்று கேட்டார்கள். விளையாட்டை ஆடியவர்கள் அனுப்பிய பணத்தால் ஐந்து மடங்குக்கு மேல் சேர்ந்தது. தீவின் நகர நிர்வாகம் அந்த விளையாட்டின் இயக்குநர்களுக்குச் சுற்றுலாத் தூதர் என்ற பட்டம் கொடுத்தது. சீனாவில் ‘பிளாக் மித்: வூகாங்’ 2020 ஆகஸ்ட் 20 அன்று முதல் டிரெய்லரைக் காட்டி, சரியாக நான்கு ஆண்டு கழித்து 2024 ஆகஸ்ட் 20 அன்று வந்தது. குரங்கு அரசனின் பழங்கதை. மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றது. அதில் வரும் உண்மையான கோயில், கோபுரம், சிற்பம் முதலிய 36 இடங்களில் 27 ஷான்ஷி மாகாணத்தில் இருக்கின்றன. யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த பழங்கோயில்களுக்குக் கூட்டம் திரண்டது. விளையாட்டின் இரண்டாம் பகுதியில் தலையில்லாத ஒரு துறவி மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறார். வடசீனக் கிராமத்துக் கதைப்பாட்டு மரபு அது. நம் வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் உலகத்தின் கோடிக்கணக்கான காதுகளை அடைந்தால் எப்படி இருக்கும், அப்படி. வூகாங்கைச் செய்த ஸ்டுடியோவில் பெண்களைப் பற்றிய பேச்சும் நடத்தையும் சரியில்லை என்ற குற்றச்சாட்டும் வந்தது. ஆடிப் பரிசோதித்துச் சொல்பவர்கள் பெண்ணியம் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது இன்னொரு சர்ச்சை. அவற்றையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

வூகாங்கில் ஆடுபவன் கையில் இருப்பது ஒரு தடி. அடிப்பதுதான் அவன் வேலை. பிரமாதமாக அடிக்கலாம். ஆனால் அவ்வளவு அழகான கோயில்களுக்குள் அவனுக்கு வேறு வேலை அதிகம் இல்லை. ‘ஏஜ் ஆஃப் பாரத்’ செய்பவர்கள் வூகாங்கின் வெற்றியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம், அதிலிருந்து சண்டையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான். பாரதம் என்று பெயர் வைத்தால் கங்கைக்கரையோடு நின்றுவிடவும் கூடாது. தமிழில் வசனமும் தமிழில் எழுத்தும் உண்டா என்று நாம் இப்போதே கேட்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ் உலகத்திலிருந்து வந்த ஒரு சின்ன விளையாட்டு இந்த விஷயத்தில் பெரிய ஸ்டுடியோக்களுக்கே வழிகாட்டும். ‘வெண்பா’. 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. வடிவமைத்தவர் அபி என்ற தமிழர். 1980-களின் இறுதியில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மாவுடைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. இட்லி எப்படி வார்ப்பது என்ற குறிப்பில் பாதி இல்லை. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் ஏறும் என்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். தப்பாக அடுக்கினால் வேகாது. இட்லிப் பானையைத் தொட்டே பார்க்காத வெளிநாட்டுக்காரர்கள் அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்திருப்பார்கள். சமைப்பது ஒன்றுதான் ஆடுபவர் கைக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதற்குள்ளேயே புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் மொத்தத் துயரமும் வந்துவிட்டது. 2024-ல் பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. இது திறந்த உலகம் இல்லை, ஆர்.பி.ஜி.யும் இல்லை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கையின் வேலையை மாற்றினால் கதை எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று காட்டிவிட்டது.

இனி பூம்புகாருக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

திறந்த உலக விளையாட்டு செய்பவர்கள் பல ஆண்டுகள் செலவழிப்பது ஊரைக் கட்டுவதற்கு. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் அந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார். கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம்: யவனர் இருப்பிடம், வாசனைப் பொருள் விற்பவர் தெரு, நெசவாளர் தெரு, மீன், உப்பு, வெற்றிலை விற்பவர்கள், கொல்லர், தச்சர், பொற்கொல்லர், தையற்காரர். உள்பக்கம் பட்டினப்பாக்கம்: அரச வீதி, வணிகர் வீதி, மருத்துவர், சோதிடர் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவில் மரங்கள் அடர்ந்த சோலையில் பகல் சந்தையான நாளங்காடி. மாலையில் கூடுவது அல்லங்காடி. எந்தத் தெருவுக்கு அடுத்து எது என்று இவ்வளவு துல்லியமாக ஒரு நகரத்தைச் சொன்ன பழைய நூல் வேறு எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை தேடிப் பார்த்துவிட்டேன். இளங்கோவுக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றிரண்டுதான் கிடைக்கின்றன.

தெருக்கள்கூடப் பெரிதில்லை. அந்த நகரத்துக்கு விதிகள் இருக்கின்றன. விளையாட்டுச் செய்பவர்களுக்குத் தேவையானது அதுதானே? புகார் என்ற அந்தப் பழைய பூம்புகாரில் ஐந்து மன்றங்கள். வெள்ளிடை மன்றத்தில், வணிகர்கள் தங்கள் பெயரும் அளவும் பொறித்த பொதிகளைக் காவலில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். எவனாவது திருடித் தலையில் ஏற்றினால், சுமையோடு அங்கேயே சுற்றிச் சுற்றி வருவானே தவிர, வெளியே போக முடியாது. இலஞ்சி மன்றத்துக் குளத்தில் மூழ்கி எழுந்தால் கூனரும் குள்ளரும் ஊமையரும் செவிடரும் தொழுநோயாளரும் நலம் பெறுவார்கள். நெடுங்கல் மன்றத்தில் ஓங்கி நிற்கும் கல்லைச் சுற்றினால் பித்தும் விஷமும் நீங்கும். பூத சதுக்கத்தில் ஒரு பூதம் பாசக்கயிற்றோடு நிற்கும். பொய்ச்சாட்சி சொல்பவனையும் பொய்த்துறவியையும் பிறன்மனை நாடுபவனையும் பிடித்துவிடும். ஐந்தாவது பாவை மன்றம். அங்கே ஒரு சிலை. வாய் திறக்காது. அரசனுடைய செங்கோல் கோணினால், அறங்கூறும் அவை ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பாவை கண்ணீர் விடும்.

தம்பிகளே, சைபர்பங்க் செய்தவர்கள் போலீஸ் எப்படி வருவது என்று மூன்று ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இங்கே திருடன் என்ன ஆவான், பொய்ச்சாட்சி என்ன ஆவான், அரசே தப்பு செய்தால் ஊருக்கு எப்படித் தெரியும் என்று எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்திருக்கிறது. ஆடுபவன் ஒருநாள் பாவை மன்றத்தைக் கடந்து போகிறான், சிலையின் கன்னம் ஈரமாக இருக்கிறது. ஊரில் எங்கோ ஒரு வழக்கில் அநீதி நடந்திருக்கிறது. அது எங்கே என்று அவன் தேடிப் போக வேண்டும். இதைவிட நல்ல மிஷனை எந்த ஸ்டுடியோ எழுதிவிட முடியும்?

அடுத்து, கதாநாயகி. மணிமேகலையை, அவள் தூங்கும்போதே, உவவனம் என்ற சோலையிலிருந்து மணிமேகலா தெய்வம் எடுத்துப் போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்கே புத்த பீடிகையைக் கண்டு முற்பிறப்பை அறிகிறாள். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் சொல்லித் தருகிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழிப் போக ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. ஆர்.பி.ஜி. ஆடுகிறவர்களுக்குப் புரியும், இவை மூன்றும் திறன்கள். பிறகு கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. முன்பு ஆபுத்திரன் என்பவன் கையில் இருந்த பாத்திரம் அது. அள்ள அள்ளக் குறையாது. ஆனால் அதிலும் ஒரு விதி: அவள் புகாருக்குத் திரும்பியதும், கற்பில் சிறந்த ஆதிரை என்பவள் அதில் முதல் பிச்சை இட வேண்டும். அதன்பிறகு, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோயால் வாடும் காயசண்டிகைக்கு ஒரு கவளம் கொடுக்கிறாள். அந்த நோய் தீர்கிறது. தன்னைத் துரத்தும் உதயகுமரன் என்ற இளவரசனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவத்தையே எடுக்கிறாள். அந்த உருமாற்றம் வேறொரு விபரீதத்தில் முடிகிறது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியின் பின்னால் வருகிறான் என்று எண்ணி இளவரசனை வெட்டிவிடுகிறான். திறனைப் பயன்படுத்தினாள், அதற்கு விலை இருந்தது. நடுவில் அவள் சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். அரசன் என்ன வேண்டும் என்று கேட்க, சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தரக் கேட்கிறாள். மாறுகிறது. ஒரு சிறைச்சாலையை வாள் எடுக்காமல் கைப்பற்றிய கதாநாயகி!

பசியாற்றுவதில் ஆக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டைத் தாண்டிப் போவது, இளவரசனின் ஆட்களிடம் சிக்காமல் உலக அறவி என்ற பொது அம்பலத்துக்குள் நுழைவது, எந்தத் தெருவில் யார் பசியோடு கிடக்கிறார்கள் என்று தேடுவது, பொழுது சாய்வதற்குள் அவர்களை அடைவது, எல்லாம் ஆக்‌ஷன்தான். கடைசியில் கடல்கோள் வருகிறது. இந்திரவிழா மறக்கப்பட்டதால் புகார் மூழ்குகிறது. நகரத்திலிருந்து யாரை, எத்தனை பேரை வெளியே கொண்டுபோக முடியும் என்பதைவிடக் கடினமான இறுதிக்கட்டம் இருக்கிறதா? 2004 டிசம்பர் 26 சுனாமியைத் தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் கண்ட நமக்கு அது வெறும் கற்பனையாகவும் இருக்காது.

இப்படி ஒரு புகார் விளையாட்டைச் செய்யத் தரவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 1963 முதல் 1973 வரை அகழ்ந்து, கீழையூரில் செங்கல் படகுத்துறையையும், பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரையையும், வானகிரியில் நீர்த்தேக்கத்தையும் வெளிக்கொணர்ந்தது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் கரைக்கு அப்பால் கடலடியில் ஆய்வு செய்தது. 1973-ல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் நிற்கிறது. 2020 டிசம்பர் 28-ல் நமக்குத் தனி மாவட்டமும் கிடைத்துவிட்டது. பணமும் ஆள்பலமும் பெரிய கேள்வி என்பது உண்மைதான். ஆனால் புனேயின் நாடிங் ஹெட்ஸ் ஒரு சிறு குழுவாக இருந்துதான் 2020-ல் ‘ராஜி’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது, வெண்பாவும் சிறு குழுவின் வேலைதான். முழுப் புகாரும் முதல் நாளே வேண்டாம். நாளங்காடி ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள்.

பொறியியல், கணினி படிக்கும் மாணவர்களே, தமிழ் படிக்கும் மாணவர்களே, நீங்கள் இரண்டு துறையும் ஒரே கல்லூரியில் வெவ்வேறு மாடியில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாமல் இருக்கிறீர்கள். பேசத் தொடங்குங்கள். ஜி.டி.ஏ.வையும் விட்சரையும் பற்றி வாதாடுங்கள். அடுத்த விளையாட்டு எது அறிவிக்கப்பட்டாலும் அதில் என் கைக்கு என்ன வேலை என்று முதலில் கேளுங்கள். பெரியவர்களே, உங்களில் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தெருத் தெருவாகச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த விடுமுறையில் பூம்புகார் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல், இந்திரவிழவூரெடுத்த காதையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழையூர், பல்லவனீச்சுரம், வானகிரி மூன்றையும் நடந்து பாருங்கள். ஒரு தாளில் வரைபடம் போடத் தொடங்குங்கள். அந்தத் தாளை யார் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து பார்த்துத் திருத்தித் தர நான் தயாராக இருக்கிறேன்.